மூவாக் டேப் ரிவ்யூ: சிவப்பு வந்தால் சாப்பாடு மட்டும் போதாது

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நாலு. பிடித்துவைத்த அந்த ஒரு மார்க்கில் முக்கால்வாசி நாடாவோடு வருகிற விளக்கத்தாளுக்காக. அது ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மூவாக் டேப் தெரியாதவர்களுக்கு ('மேல்கையின் நடுச் சுற்றளவு' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் மூவாக்): 6 மாதத்திலிருந்து 5 வயதுவரை உள்ள குழந்தையின் மேல்கையைச் சுற்றி அளக்கும் மெல்லிய பிளாஸ்டிக் நாடா. ஒரு முனையில் நீளவாக்கில் ஒரு துளை, பக்கத்திலேயே சின்ன ஜன்னல். மறுமுனையைக் கையைச் சுற்றிக் கொண்டுவந்து துளையில் நுழைத்து இழுத்தால் ஜன்னலில் ஒரு எண்ணும் ஒரு நிறமும் தெரியும். 125 மி.மீ.க்கு மேல் பச்சை, 115-லிருந்து 125-க்குள் மஞ்சள், 115-க்குக் கீழே சிவப்பு, அதாவது கடுமையான சத்துக்குறைபாடு. பேட்டரி கிடையாது, சார்ஜ் போட வேண்டாம், எழுதப்படிக்கத் தெரியாதவர்கூட நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். 50 நாடா கொண்ட கட்டாக வரும், ஒன்றை எடுத்துச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க சுற்றலாம்.

எனக்குக் குழந்தைகள் வார்டில் நர்ஸ் வேலை. இந்த நாடாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முகாம்களில் வேலை செய்கிறவர்கள், வரிசையில் நிற்கிற நூற்றுக்கணக்கான பிள்ளைகளில் யாருக்குச் சத்துப் பாக்கெட் கொடுக்க வேண்டும் என்று பிரித்தெடுப்பது அவர்கள் வேலை. அதற்கு இது கச்சிதமான பொருள், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் என்னிடம் வருவது ஏற்கெனவே உடம்பு முடியாமல் படுத்துவிட்ட குழந்தை. அங்கே சிவப்பு நிறம் இன்னொன்றையும் சொல்கிறது: இந்தப் பிள்ளையின் ரத்தத்தில் கிருமி இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம், இறங்கியிருந்தாலும் காய்ச்சல் கீய்ச்சல் என்று எதையும் வெளியே காட்டாமல் கிடக்கும், நீயாகத்தான் தேட வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்காகவே ஒவ்வொரு அட்மிஷனிலும் தெர்மாமீட்டரை எடுக்கும்போதே நாடாவையும் எடுத்துவிடுகிறேன்.

இது புதுப் பொருள் இல்லை. 1960-களின் கடைசியில் நைஜீரிய உள்நாட்டுப் போரின்போது நிவாரணத்துக்குப் போன குவேக்கர் என்ற கிறிஸ்தவக் குழுவினர், கைச் சுற்றளவையும் உயரத்தையும் சேர்த்துப் பார்க்க ஒரு அளவுக்கோலைப் பயன்படுத்தினார்கள். அப்புறம் ஷகீர் என்ற மருத்துவரும் டேவிட் மார்லியும் 1974-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியபிறகு மூன்று நிற நாடா பரவலானது. ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் மேல்கையின் சுற்றளவு பெரிதாக மாறுவதில்லை என்பதுதான் இதன் சூட்சுமம். அதனால் பிறந்த தேதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரே கோட்டை வைத்து எல்லாரையும் பிரித்துவிடலாம். அந்தக் கோடு முன்பு 110-ல் இருந்தது. 2009-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து 115-க்கு உயர்த்தின. இதைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு, கீழே வருகிறேன்.

அளக்கும் விதம் சுலபம், கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும். இடது கையை முழங்கையில் மடக்கி, தோள் எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கையை நீட்டித் தொங்கவிட்டுச் சுற்ற வேண்டும். இறுக்கினால் தோல் சுருங்கிப் பிதுங்கும், தளர்த்தினால் நாடாவுக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி தெரியும். இரண்டும் இல்லாமல் தோலில் ஒட்டி நிற்கிற இடத்தில் படிக்கணும். 114-க்கும் 116-க்கும் நடுவே இருப்பது விரலின் அழுத்தம்தான், அதனால் முரண்டுபிடித்து அழுகிற குழந்தைக்கு நான் உடனே அளப்பதில்லை. அம்மா மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்து, கை தளர்ந்தபிறகு அளப்பேன். அழவே அழாமல், ஊசி போட்டாலும் முகத்தைக்கூடச் சுளிக்காமல் கிடக்கிற குழந்தைதான் என்னைப் பயமுறுத்துகிறது, அங்கே அளப்பது ரொம்பச் சுலபமாக இருக்கும்.

சரி, கை மெலிவதற்கும் ரத்தத்தில் கிருமி இறங்குவதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பளம் பாதியாகிப்போன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் நிறுத்துவது எதை? இன்றைக்குத் தேவைப்படாத செலவுகளை. மாதக்கணக்கில் போதுமான சத்து கிடைக்காத உடம்பும் அதைத்தான் செய்கிறது. இதயம் மெதுவாக அடிக்கிறது, கல்லீரல் புதுப் புரதம் செய்வதைக் குறைக்கிறது, சிறுநீரகம் அரைவேகத்தில் ஓடுகிறது, செல்களுக்குள்ளிருந்து சோடியத்தை வெளியே தள்ளுகிற பம்ப்கூட மந்தமாகிவிடுகிறது. அந்த வெட்டில் எதிர்ப்புச் சக்தியும் மாட்டிக்கொள்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிற தைமஸ் சுரப்பி சுருங்கிவிடும், கிருமியோடு சண்டைபோடுகிற டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் பக்குவப்படுகிற இடமே அதுதான். ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு எண்ணிக்கை சாதாரணமாகவே வரும், பார்க்கிறவர் நிம்மதியாகிவிடுவார், ஆனால் அந்த வெள்ளையணுக்களுக்குக் கிருமியை விழுங்கிக் கொல்கிற திறன் குறைந்திருக்கும். கிருமியின்மேல் ஒட்டிக்கொண்டு அடையாளம் காட்டுகிற காம்ப்ளிமெண்ட் புரதங்களும் குறைவு, அவற்றைச் செய்ய வேண்டிய கல்லீரல்தான் ஏற்கெனவே வேலையைக் குறைத்துக்கொண்டதே.

இதைவிடப் பெரிய ஓட்டை குடலில். குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய இடம், அதற்குப் புரதமும் துத்தநாகமும் வைட்டமின் ஏ-வும் ஓயாமல் வேண்டும். அவை கிடைக்காதபோது சுவர் மெலிந்து, அதன் நுண்மடிப்புகள் தட்டையாகி, செல்களுக்கு இடையிலான பூட்டு தளர்கிறது. குடலுக்குள் இருந்தவரை தொல்லை கொடுக்காத கிருமிகள் அந்த வழியாக ரத்தத்துக்குள் நுழைகின்றன. சத்துக் குறைந்த பிள்ளைகளின் ரத்தத்தில் ஈ. கோலை, கிளெப்சியெல்லா, டைஃபாய்டு அல்லாத சால்மோனெல்லா மாதிரி குடல்வாசிகள் இவ்வளவு அடிக்கடி முளைப்பதற்கு இது ஒரு காரணம். நுரையீரல் வழியாக வருகிற நிமோகாக்கஸ் தனிக்கதை. உடம்பு வீங்கித் தோல் உரிகிற வகைக் குழந்தைகளுக்கு இன்னும் மோசம், தோலே திறந்த கதவாகிவிடும்.

காய்ச்சலுக்கு வருவோம், ஏனென்றால் வீட்டில் பெரியவர்களும் சரி, அனுபவம் குறைந்த மருத்துவர்களும் சரி, ஏமாறுகிற இடம் இதுதான். காய்ச்சல் வர உடம்பு எரிபொருளைச் செலவழிக்க வேண்டும். கையிருப்பில் எதுவும் இல்லாத குழந்தை எதை எரிக்கும்? அதனால் ரத்தம் முழுக்கக் கிருமி ஓடும்போதும் உடம்பு சூடாவதற்குப் பதில் ஜில்லிட்டுப் போகும். அக்குளில் வைத்துப் பார்த்தால் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 54 மில்லிகிராமுக்குக் கீழே, இந்த இரண்டும் ஒன்றாக வந்தால் வேறு எதுவும் கிடைக்கும்வரை காத்திருக்கக் கூடாது, ரத்தத் தொற்று என்றே வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை, சாதாரணக் காய்ச்சல் தெர்மாமீட்டர்கள் பலவற்றில் கோடே 35-ல்தான் தொடங்கும். பாதரசம் அந்த அடிக்கோட்டில் நிற்பதைப் பார்த்து 'நார்மல்' என்று எழுதப்பட்ட சார்ட்டுகளை நானே பார்த்திருக்கிறேன். குறைந்த வெப்பத்தையும் காட்டுகிற தெர்மாமீட்டர் தனியாக இருக்கிறது, மூவாக் டேப் வாங்குகிறவர்கள் அதையும் சேர்த்து வாங்குங்கள், ஒன்றில்லாமல் இன்னொன்று அரைப்பொருள்தான்.

ஒரு இரவு ஷிஃப்டில் நடந்தது. லேசான வயிற்றுப்போக்கு என்று வந்த ஒன்றரை வயதுப் பையன். காய்ச்சல் இல்லை, மூச்சு வேகமில்லை, வாந்தி நின்றுவிட்டது. "நல்லாத் தூங்குறான் சிஸ்டர், ரெண்டு நாளா தூக்கமே இல்ல பாவம்" என்றாள் அம்மா. நாடாவைச் சுற்றினேன், 108. பாதத்தைத் தொட்டால் கல்தரை மாதிரி சில்லென்று இருந்தது, வயிறு மட்டும் வெதுவெதுப்பு. குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் 41. தூக்கம் என்று நினைத்தது மயக்கம். டியூட்டி டாக்டர் வருவதற்குள் சர்க்கரையை ஏற்றும் வேலையை ஆரம்பித்து, குல்லா போட்டு, அம்மாவின் நெஞ்சோடு தோலோடு தோலாகக் கட்டிப் போர்த்தி, கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற ரத்த கல்ச்சருக்கு எடுத்துக்கொண்டு, ஆன்டிபயாடிக் முதல் டோஸ் போய்விட்டது. கல்ச்சரில் பிறகு கிளெப்சியெல்லா வளர்ந்தது. ஆனால் அந்த ரிசல்ட் வர இரண்டு நாள் ஆகுமே, அதற்குக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த வார்டில் வேலை பார்த்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்தப் பையன் பிழைத்தான். எல்லாரும் பிழைப்பதில்லை.

ஏனென்றால் நேரம் ரொம்பக் குறைவு. கென்யாவின் கிலிஃபியில் கடுமையான சத்துக்குறைபாட்டோடு சேர்க்கப்பட்ட 920 குழந்தைகளைப் பற்றி 2006-ல் ஒரு ஆய்வு வந்தது. 176 பேர், அதாவது 19 சதவீதம் பேர் இறந்தார்கள், அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் 48 மணி நேரத்துக்குள். ரத்தத்தில் கிருமி இருந்து இறந்தவர்களைத் தனியாகப் பார்த்தால் பாதிப் பேருக்குமேல் அந்த முதல் 48 மணி நேரத்திலேயே போய்விட்டார்கள், அதுவும் பெரும்பாலான கிருமிகள் கொடுத்த மருந்துக்குக் கட்டுப்படக்கூடியவையாகவே இருந்தும். மருந்து சரிதான், குழந்தை வந்து சேர்ந்ததுதான் தாமதம். இந்த விவரத்தைப் படித்தபிறகுதான் நாடாவை வார்டுக்குள் இருப்பதைவிட வாசலில், டோக்கன் போடுகிற இடத்தில் வைக்கணும் என்று நான் சண்டைபோட ஆரம்பித்தது.

எடையும் உயரமும் அளந்து பட்டியலில் பார்க்கிற முறையோடு ஒப்பிட்டால் நாடா சளைத்ததில்லை. வயிற்றுப்போக்கில் நீர் வற்றின குழந்தையின் எடை பொய் சொல்லும், டிரிப் ஏற்றியபிறகு வேறு எடை, நாடாவில் அந்த ஆட்டம் குறைவு. நிற்க முடியாத குழந்தையை உயரப்பலகையில் படுக்கவைத்து இரண்டு பேர் பிடித்து அளப்பதைவிட, படுத்தவாக்கில் ஒரு கையை அளப்பது யாருக்கும் நல்லது. இன்னொரு காரணமும் இருக்கிறது என்பது என் எண்ணம்: மேல்கையில் இருப்பது பெரும்பாலும் தசையும் கொழுப்பும், தொற்று வந்தால் உடம்பு கடன் வாங்குவதும் அந்தத் தசையிடம்தான். அதைக் கரைத்துத்தான் கிருமியோடு சண்டைபோடத் தேவையான புரதங்களைக் கல்லீரல் செய்கிறது. ஆகக் கை மெலிந்திருக்கிறது என்றால் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். தொற்றும் தன் பங்குக்குப் பசியைக் கொல்லும், சாப்பிட்டதை உறிஞ்சவிடாது, இருக்கிற தசையையும் கரைக்கும், அடுத்த தொற்றுக்குக் கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போகும். சத்துக்குறைவும் தொற்றும் ஒன்றையொன்று வளர்க்கிற இந்தச் சுழலைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 1968-லேயே தனிநூல் வெளியிட்டது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்புகளில் பாதிக்குப் பக்கம் சத்துக்குறைவோடு தொடர்புடையவை என்கிற கணக்கை எல்லாரும் கேட்டிருப்போம், அந்தப் பிள்ளைகளின் இறப்புச் சான்றிதழில் பட்டினி என்று எழுதியிருக்காது, நிமோனியா, பேதி, செப்சிஸ் (ரத்தத் தொற்று) என்றுதான் இருக்கும்.

இனி குறைகள்.

மிகப்பெரிய குறை: வீக்கம் வந்த குழந்தையிடம் இந்த நாடா பச்சைப்பொய் சொல்லும். சத்துக்குறைவில் இரண்டு பாதங்களும் வீங்குகிற வகை ஒன்று உண்டு, 1930-களில் சிசிலி வில்லியம்ஸ் விவரித்த குவாஷியோர்கர். அந்தக் குழந்தையின் கை நீர்கோத்துப் பருத்திருக்கும், நாடா பச்சை காட்டும், வீட்டிலும் சந்தோஷமாக இருப்பார்கள். "இப்பத்தான் கொஞ்சம் சதை போட்டிருக்கான்" என்று ஒரு பாட்டி என்னிடம் பேரனின் காலைத் தூக்கிக் காட்டினார். கட்டைவிரலால் புறங்காலில் அழுத்தி, மூன்று எண்ணி எடுத்தேன், குழி அப்படியே நின்றது, அடுத்த காலிலும் அதேதான். "இது சதையில்ல பாட்டி, தண்ணி" என்றேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. இரண்டு கால்களிலும் குழி விழுந்தால் நாடா என்ன நிறம் காட்டினாலும் அது கடுமையான சத்துக்குறைபாடுதான், ரத்தத் தொற்றுக்கான கவனமும் அதே அளவு வேண்டும். ஆகவே நாடாவைக் கையில் எடுக்கும்போதே மறுகை பாதத்துக்குப் போய்விட வேண்டும். விளக்கத்தாளில் இதைப் படத்தோடு, பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டாமா? என் கையில் வந்த கட்டில் எப்படிச் சுற்றுவது என்று நாலு படம் இருந்தது, வீக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. சிவப்பு வந்தால் சர்க்கரையும் உடல்வெப்பமும் பார் என்றும் இல்லை. 'ஊட்டச்சத்து மையத்துக்கு அனுப்பவும்' என்று மட்டும் இருக்கிறது. நன்றாக விளையாடிக்கொண்டு பசியோடு இருக்கிற குழந்தைக்கு அது சரி. துவண்டு கிடக்கிற, பால்கூடக் குடிக்காத குழந்தையைச் சத்துப் பாக்கெட் வாங்க அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

அடுத்தது பழைய சரக்கு. சமீபத்தில் ஒரு சப்ளையர் அனுப்பிய கட்டில் சிவப்பு 110-ல் முடிந்தது. 2009-க்கு முந்தைய அச்சு, எந்தக் குடோனில் கிடந்ததோ. 110-லிருந்து 114 வரை இருக்கிற அத்தனை குழந்தையும் அந்த நாடாவில் மஞ்சளாகத் தெரிவார்கள். கேட்டால் "மேடம், ரெண்டும் ஒண்ணுதான்" என்று பதில். ஒன்றில்லை. திருப்பி அனுப்பினோம்.

தரமும் ஒரே மாதிரி இல்லை. நல்ல நாடா கிழியாது, இழுபடாது. மலிவான வகையில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கத் துடைக்க எண்கள் அழிந்துபோகும், ஜன்னல் மங்கும், துளையின் ஓரம் பிளந்துவிடும். துடைக்காமலும் இருக்க முடியாது. ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு அதே நாடாவைக் கொண்டுபோனால் எதிர்ப்புச் சக்தியே இல்லாத பிள்ளைகளுக்கு நடுவே கிருமியை நாமே விநியோகிப்பதாக ஆகிவிடும். எங்கள் வார்டில் இப்போது ஒரு குழந்தைக்கு ஒரு நாடா, பெயர் எழுதிக் கேஸ் ஷீட்டோடு கிளிப் போட்டுவிடுவோம், வீட்டுக்குப் போகும்போது அது அம்மாவோடு போய்விடும்.

நிறத்தை மட்டும் எழுதுகிற பழக்கம் நாடாவின் குறையா, ஆட்களின் குறையா என்று தெரியவில்லை, ஆனால் மூன்று வண்ணம் அடித்துவைத்தால் அப்படித்தான் நடக்கும். சார்ட்டில் 'மஞ்சள்' என்று இருந்தால் எனக்கு எதுவும் புரியாது. 124-ம் மஞ்சள், 115-ம் மஞ்சள். போன வாரம் 121, இந்த வாரம் 117 என்று எண்ணாக எழுதியிருந்தால் இறங்குகிற குழந்தையைச் சிவப்புக்கு முன்பே பிடிக்கலாம். ஆண்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்பதும் எண்ணை எழுதுவதற்கு இன்னொரு காரணம். 6 மாதத்துக்குக் கீழே உள்ள கைக்குழந்தைக்கு இந்த நிறங்கள் பொருந்தாது. 2023-ல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலில் 6 வாரம் முதல் 6 மாதம் வரை 110 மி.மீ. என்று தனிக்கோடு கொடுத்திருக்கிறார்கள், நாடாவில் அதற்கு ஒரு சின்னக் கோடாவது போடலாம். வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குள்ளமாக வளர்கிற குறைபாட்டை இது காட்டாது, அதை இதனிடம் எதிர்பார்ப்பதும் தப்பு.

சிவப்பு வந்தபிறகு என்ன என்பது நாடாவின் வேலையில்லை, இருந்தாலும் இதை வாங்குகிற வீட்டுக்காரர்களும் தன்னார்வலர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். மெலிந்த குழந்தையைப் பார்த்ததும் நிறையக் கொடுத்துத் தேற்றிவிடலாம் என்று தோன்றும். முதல் சில நாள் அதுதான் ஆபத்து. அரைவேகத்தில் ஓடுகிற உடம்பில் திடீரென்று சத்தைக் கொட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் சரசரவென்று இறங்கி இதயம் நின்றுபோகலாம். அதனால்தான் 100 மி.லி.க்கு 75 கலோரி மட்டும் உள்ள எஃப்-75 பாலை இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக, இரவிலும் எழுப்பிக் கொடுக்கிறோம். "இவ்வளவுதானா கொடுப்பீங்க?" என்று கேட்காத உறவினர் இல்லை. டிரிப்பும் அப்படித்தான், பலவீனமான இதயம் வேகமாக ஏற்றுகிற நீரைத் தாங்காது. இரும்புச்சத்து டானிக்கை ஆரம்பத்தில் தொடக்கூடாது, கட்டுப்படாமல் ரத்தத்தில் திரிகிற இரும்பு கிருமிக்குத் தீனி. எடை ஏற ஆரம்பித்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் சிக்கலான நிலையில் உள்ள குழந்தைக்கு ஊசிவழி மருந்து உடனே என்பதில் சர்ச்சை இல்லை. நன்றாகச் சாப்பிடுகிற, சிக்கல் இல்லாத சிவப்புக் குழந்தைக்கு வீட்டில் வைத்துக் கொடுக்கிற மாத்திரை அவசியமா என்பதில்தான் பேச்சு. மலாவியில் 2,767 குழந்தைகளிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில் ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத போலி மருந்து கொடுக்கப்பட்டவர்களில் 7.4 சதவீதம் இறந்தார்கள், அமாக்ஸிசிலின் கொடுத்தவர்களில் 4.8, செஃப்டினிர் கொடுத்தவர்களில் 4.1. மூன்று வருடம் கழித்து வெளியான நைஜர் ஆய்வில் குணமாகிற விகிதத்தில் அமாக்ஸிசிலினால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கென்யாவில் 1,778 குழந்தைகளுக்குத் தினமும் கோ-டிரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்ததில் இறப்பு குறையவில்லை. ஆக, சிவப்பு வந்த எல்லாருக்கும் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கைகழுவிவிட முடியாது. யாருக்கு உள்ளே தொற்று இருக்கிறது என்று தேடித்தான் ஆக வேண்டும்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகும் நாடாவுக்கு வேலை இருக்கிறது, இதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் 3,101 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2022-ல் வந்த ஆய்வில், இறந்த 350 பேரில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஆஸ்பத்திரியை விட்டுப் போனபிறகு இறந்திருந்தார்கள். வீட்டுக்குப் போன குழந்தை தேறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம், குடல் சுவரும் தைமஸும் சரியாக வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் அடுத்த கிருமி வந்துவிடும். அதனால் அம்மாவுக்கே அளக்கச் சொல்லிக்கொடுத்து நாடாவைக் கையில் கொடுத்தனுப்புவது நல்ல வழி. கற்றுக்கொண்ட அம்மாக்கள் ஊழியர்களுக்கு ஈடாக அளக்கிறார்கள், என்னைக் கேட்டால் எங்கள் ஜூனியர்களைவிடப் பொறுமையாகவே அளக்கிறார்கள். கூடவே மூன்று விஷயம் சொல்லி அனுப்புவேன்: எண் இறங்கினால் வா, கால் வீங்கினால் வா, காய்ச்சல் இல்லாவிட்டாலும் குழந்தை சில்லிட்டு, குடிக்காமல், கூப்பிட்டால் பார்க்காமல் கிடந்தால் விடியும்வரை காத்திருக்காமல் வா.

பெரியவர்களுக்கு நிறமில்லாத நீள நாடா தனியாக வருகிறது. முதியவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், பெரிய ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் என்று மெலிந்தவர்கள் யாருக்கும் ரத்தத் தொற்று வந்தால் நிலைமை கடினம்தான், ஐசியுவில் படுத்த முதல் 10 நாளிலேயே தொடைத்தசை ஆறில் ஒரு பங்குக்குமேல் கரைந்ததை 2013-ல் ஸ்கேன் செய்து அளந்தே காட்டியிருக்கிறார்கள். ஆனால் பெரியவர்களுக்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரே கோடு கிடையாது, உடம்பு பருமனாக இருந்து உள்ளே தசை போயிருப்பவரிடம் நாடா ஏமாந்துவிடும். அவர்களுக்கு சமீபத்தில் எவ்வளவு எடை குறைந்தது, எத்தனை நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேட்பதுதான் இதைவிட உபயோகம்.

வாங்குகிறவர்களுக்கு: மி.மீ. அளவு அச்சிட்ட வகையாகப் பாருங்கள், வெறும் நிறம் மட்டும் உள்ளதை எடுக்காதீர்கள். கட்டைப் பிரித்ததும் முதல் வேலையாகச் சிவப்பு எந்த எண்ணில் முடிகிறது என்று பாருங்கள், 115 இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். ஒரு நாடாவை ஸ்டீல் ஸ்கேலின்மேல் நீட்டி வைத்து எண்களும் ஸ்கேலும் ஒத்துப்போகின்றனவா என்றும் சரிபாருங்கள். நான் பார்த்தவற்றில் ஒரு கட்டு 3 மி.மீ. தப்பாக அச்சாகியிருந்தது.